இருபது பேர், முப்பது ஆண்டுகள்

ஐரோப்பாவில் நீல நிற மின்கம்பி நியூட்ரல். மின்சுற்றை முடித்துவைக்கும் திரும்பு கம்பி. இந்தியத் தொழிற்கூடங்களில் வழக்கமாக நியூட்ரல் கறுப்பு. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் மும்முனை மின்சாரத்தின் மூன்று முனைகள். அமெரிக்காவில் கறுப்புதான் மின்சாரம் வரும் கம்பி. நியூட்ரல் அங்கே வெள்ளை.

எலக்ட்ரீஷியன் பிரிவில் படிக்கும் மாணவர் ஒருவர் ஐரோப்பியக் காணொளி ஒன்றைக் கைப்பேசியில் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீலம் நியூட்ரல் என்று அது சொல்கிறது. மறுநாள் அவர் திறக்கும் மின்பலகையில் அதே நீலக் கம்பிக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் இருக்கும். மற்ற இரு முனைகளுக்கும் அதற்கும் இடையே 400 வோல்ட் இருக்கும்.

இன்னொருவர் அமெரிக்கக் காணொளியைப் பார்க்கிறார். சுவிட்சைக் கறுப்புக் கம்பியில் பொருத்தச் சொல்கிறது. அப்படியே செய்தால் இங்கே அந்தச் சுவிட்ச் நியூட்ரலைத்தான் துண்டிக்கும். சுவிட்சைத் தட்டினால் விளக்கு அணையும். ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பல்பை மாற்றக் கை வைப்பவருக்கு அது தெரியாது.

இரண்டு காணொளிகளிலும் பிழை இல்லை. அவை தயாரான நாடு வேறு. அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியவர் பயிற்றுநர். அவருக்கு இரண்டு தெரிய வேண்டும். ஒன்று, வயரிங். அது அவர் தொழில். இருபது ஆண்டுகளாகச் செய்கிறார். மற்றது, ஒரு காணொளி எங்கே தயாரானது, எந்த நாட்டு விதியைப் பின்பற்றுகிறது, அதில் எதை வகுப்பில் காட்டலாம், எதை வெட்ட வேண்டும் என்று பிரித்தறிவது. டிஜிட்டல் எழுத்தறிவு என்ற சொல் குறிப்பது இந்த இரண்டாவதை. கணினியை இயக்கத் தெரிவது அதில் ஒரு சிறு பகுதி.

கணக்கு

இந்தியாவில் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-இல் தொடங்கியது. ஐடிஐ என்று ஊரறிந்த தொழிற்பயிற்சி நிலையங்கள் அதன் கீழ் இயங்குகின்றன. இன்று அவற்றின் எண்ணிக்கை 15,000-க்கு அருகில் இருக்கிறது. முக்கால் பங்குக்கு மேல் தனியார் நிலையங்கள்.

பிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் போன்ற பிரிவுகளில் ஒரு தொகுதிக்கு 20 மாணவர்கள். கணினி இயக்குநர் பிரிவான கோபாவில் 24 பேர். ஓராண்டுப் பிரிவில் 30 ஆண்டுகள் பணியாற்றும் ஒரு பயிற்றுநரிடம் 600 முதல் 720 பேர் படித்து வெளியேறுவார்கள்.

தமிழ்நாட்டில் அரசு ஊழியர் ஓய்வுபெறும் வயது 60. 1996-இல் தம் 30-ஆவது வயதில் பணியில் சேர்ந்த பயிற்றுநர் 2026-இல் ஓய்வுபெறுவார். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அவர் நியமன ஆணை வாங்கியபோது அந்தச் சேவைக்கு வயது ஒன்று. அவருடைய பயிற்சிக் காலப் பாடத்தில் இணையம் இருந்திருக்க முடியாது.

அவரிடம் கடைசியாகப் படித்த மாணவருக்கு 2026-இல் 17 வயது என்றால், அவர் 60 வயதை எட்டுவது 2069-இல். 1990-களில் ஒருவருக்குத் தரப்பட்ட பயிற்சியின் விளைவு அதுவரை தொழிற்கூடங்களில் இருக்கும். தரப்படாத பயிற்சியின் விளைவும் இருக்கும்.

தேதிகள்

அந்த 30 ஆண்டுகளில் தொழில்கள் மாறிய தேதிகள் பதிவில் உள்ளன.

2020 ஏப்ரல் 1. இந்தியாவில் புதிய வண்டிகளுக்குப் பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதி கட்டாயமானது. பிஎஸ்-5 என்ற படியைத் தாண்டி, 4-இலிருந்து நேரே 6-க்கு நாடு சென்றது. எஞ்சினில் உணரிகளும் கட்டுப்பாட்டுக் கணினியும் பெருகின. பழுதை இப்போது ஸ்கேனர் கருவி குறியீடாகக் காட்டுகிறது. கோளாறின் அறிகுறி எந்தச் சுற்றில் பதிவானது என்பதை அந்தக் குறியீடு சொல்லும். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. இந்த வேறுபாட்டைக் கற்காத மெக்கானிக், குறியீட்டில் பெயருள்ள பாகத்தை மாற்றுவார். பழுது அப்படியே இருக்கும். செலவு வண்டிக்காரருடையது.

மின்வாகனம் வந்தது. பழைய காரில் மெக்கானிக் தொட்ட மின்னழுத்தம் பெரும்பாலும் 12 வோல்ட். மின்வாகனங்களுக்கான ஐ.நா. விதிமுறை 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னோட்டத்தை உயர் மின்னழுத்தம் என்று வரையறுக்கிறது. பயணிகள் மின்காரின் மின்கலத் தொகுதி பொதுவாக 300 முதல் 400 வோல்ட் வரை தரும். இணைப்பைத் துண்டித்த பிறகும் மின்தேக்கிகளில் சில நிமிடங்கள் மின்னூட்டம் தங்கியிருக்கும். காத்திருக்க வேண்டிய நேரம் அந்த வண்டியின் கையேட்டில் உள்ளது. கையேடு இப்போது அச்சில் வருவது குறைவு. திரையில் தேட வேண்டும்.

2020 டிசம்பர் 31. அடோபி நிறுவனம் ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அதில் உருவான பாடங்கள் திறக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளில் உலகெங்கும் தயாரான அசைவூட்டப் பாடங்களில் பல ஃபிளாஷில் செய்யப்பட்டவை. 2020 ஜனவரி 14-இல் விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கும் நின்றன. அந்தத் தேதிகளுக்குப் பிறகும் கணினிகள் ஓடும். புதிதாகத் தெரியவரும் ஓட்டைகள் அவற்றில் அடைபடா.

கல்வித் தொழில்நுட்பப் பொருட்கள் சராசரியாக 36 மாதங்களுக்கு ஒருமுறை மாறுகின்றன என்று யுனெஸ்கோவின் 2023-ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை குறிப்பிடுகிறது. 30 ஆண்டுப் பணியில் பத்து முறை.

ஒரு புள்ளி

சிஎன்சி என்பது கணினி எண்களால் இயக்கப்படும் கடைசல் அல்லது மில்லிங் இயந்திரம். ஆணைகள் எழுத்தும் எண்ணுமாகத் தரப்படும். ஆலைகளில் பரவலாக உள்ள ஃபானுக் வகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் பலவற்றில், வழக்கமான மெட்ரிக் அமைப்பில், 'எக்ஸ்50' என்று எழுதி இறுதியில் புள்ளி வைத்தால் 50 மில்லிமீட்டர். புள்ளி வைக்காவிட்டால் 50 மைக்ரான், அதாவது 0.05 மில்லிமீட்டர். வேறுபாடு ஆயிரம் மடங்கு. வேறு சில இயந்திரங்களில் புள்ளி இல்லாவிட்டாலும் 50 மில்லிமீட்டரே. எந்த இயந்திரம் எப்படி என்பது அதன் அமைப்பைப் பொறுத்தது.

'ஜி00' என்ற ஆணை கருவியை உச்ச வேகத்தில் நகர்த்தும். 'ஜி01' வெட்டும் வேகத்தில் நகர்த்தும். ஓர் இலக்கம்தான் வேறுபாடு. உச்ச வேகம் நிமிடத்துக்கு 20 மீட்டருக்கு மேல் உள்ள இயந்திரங்கள் சாதாரணம். நொடிக்கு 33 சென்டிமீட்டர். எதிர்பாராத ஒன்றைக் கண்டு மனிதக் கை அசையச் சுமார் கால் நொடி ஆகும். அதற்குள் கருவி 8 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். பல வேலைகளில் கருவிக்கும், வேலைப்பொருளைப் பிடித்திருக்கும் சக்குக்கும் இடையே அவ்வளவு தூரம் இருப்பதில்லை.

இதைக் கற்பிக்க இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி: பயிற்றுநர் கரும்பலகையில் ஆணைகளை எழுதுகிறார். மாணவர்கள் நோட்டில் படியெடுக்கிறார்கள். பிறகு 20 பேரும் ஒரே இயந்திரத்தைச் சுற்றி நிற்கிறார்கள். கருவியின் முனை முன்வரிசையில் நிற்கும் ஐந்தாறு பேருக்குத் தெரியும். இயந்திரம் விலை உயர்ந்தது என்பதால் மாணவர் கை அதில் அதிகம் படுவதில்லை.

இரண்டாம் வழி: கணினியில் உருவகி மென்பொருள் உண்டு. இயந்திரத்தின் அசைவைத் திரையில் நடத்திக் காட்டும் நிரல் அது. பயிற்றுநர் புள்ளி உள்ள நிரலையும் இல்லாத நிரலையும் தருகிறார். கருவி எங்கே போய் நிற்கும் என்று ஓட்டும் முன் எழுதச் சொல்கிறார். பிறகு ஓட்டச் சொல்கிறார். திரையில் கருவி சக்கில் மோதுகிறது. சேதம் இல்லை. ஒவ்வொருவரும் ஒருமுறை மோதிப் பார்த்த பிறகு நிஜ இயந்திரத்துக்குப் போகிறார்கள். அங்கே முதல் ஓட்டம் ஒரு நேரத்தில் ஒரு வரி மட்டும் இயங்கும் 'சிங்கிள் பிளாக்' முறையில். ஒரு கைப்பேசிக் கேமரா கருவி முனையைப் பார்த்திருக்கிறது. படம் சுவரில் விழுகிறது. 20 பேரும் பார்க்கிறார்கள்.

இரண்டாம் வழிக்குத் தேவையான பொருட்கள்: கணினிகள், உருவகி, ஒரு கைப்பேசி, ஒரு புரொஜெக்டர். பல நிலையங்களில் இவை உள்ளன. ஓட்டும் முன் எழுதச் சொல்ல வேண்டும் என்பதை யாராவது அந்தப் பயிற்றுநருக்குக் காட்டியிருக்க வேண்டும்.

தொழில் தெரிவது ஒன்று. கற்பிக்கத் தெரிவது ஒன்று. கருவி தெரிவது ஒன்று. இந்த மூன்றும் சேரும் இடத்தில் உள்ள அறிவைத் தனியாகப் பயிற்றுவிக்க வேண்டும் என்று புன்யா மிஸ்ரா, மேத்யூ கோலர் என்ற இரு அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் எழுதினார்கள். மூன்றையும் வெவ்வேறு அறைகளில், வெவ்வேறு வாரங்களில் கற்றுத் தந்தால் அவை தாமாகச் சேர்வதில்லை என்பது அவர்கள் வாதம். பயிற்றுநர்களுக்கான கணினிப் பயிற்சியில் பெரும்பாலும் இடம்பெறுவது ஆவணம் தட்டச்சு செய்வது, ஸ்லைடு தயாரிப்பது, மின்னஞ்சல் அனுப்புவது, இணையதளத்தில் வருகைப்பதிவு ஏற்றுவது. இவை அலுவலகத் திறன்கள். புள்ளி இவற்றில் எதிலும் வருவதில்லை.

பணம்

2007-08 முதல் 2011-12 வரை 1,396 அரசு ஐடிஐக்கள் தனியார் பங்கேற்புடன் மேம்படுத்தப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் 2.5 கோடி ரூபாய் வரை வட்டியில்லாக் கடன். 2017-இல் உலக வங்கி உதவியுடன் 2,200 கோடி ரூபாயில் தொழிற்பயிற்சியை மேம்படுத்தும் 'ஸ்டிரைவ்' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

2022-இல் தமிழ்நாடு அரசு டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. 71 அரசு ஐடிஐக்களைத் தொழில் 4.0 தரத்திலான தொழில்நுட்ப மையங்களாக மாற்றும் அந்தத் திட்டத்தின் மதிப்பு 2,877 கோடி ரூபாய். தொழில் 4.0 என்பது இயந்திரங்கள் உணரிகளாலும் வலைப்பின்னலாலும் இணைக்கப்பட்டு இயங்கும் உற்பத்தி முறை. தொழிலக ரோபோ, மேம்பட்ட சிஎன்சி, உற்பத்தித் தானியக்கம், மின்வாகனப் பராமரிப்பு ஆகியவை புதிய பிரிவுகள்.

2025 மே 7 அன்று மத்திய அமைச்சரவை 60,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. 1,000 அரசு ஐடிஐக்கள், ஐந்தாண்டுகள், 20 லட்சம் இளைஞர்கள். அதே ஆண்டு அக்டோபரில் அது பிஎம்-சேது என்ற பெயரில் தொடங்கப்பட்டது. 50,000 பயிற்றுநர்களுக்குப் பயிற்சி தருவதும் அதன் இலக்கு. பயிற்றுநர் பயிற்சிக்காக மேம்படுத்தப்படும் தேசியத் திறன் பயிற்சி நிலையங்கள் ஐந்து: புவனேசுவரம், சென்னை, ஹைதராபாத், கான்பூர், லூதியானா.

ஐந்து நிலையங்களே முழுப் பொறுப்பையும் ஏற்றால் கணக்கு இப்படி வரும். ஆண்டுக்கு 10,000 பயிற்றுநர்கள். ஒரு நிலையத்துக்கு 2,000. ஒரு வகுப்பில் 20 பேர் என்றால் ஆண்டுக்கு 100 வகுப்புகள். ஒரு வாரப் பயிற்சி என்றால், ஆண்டின் 50 வாரமும் ஒவ்வொரு நிலையத்திலும் இரண்டு வகுப்புகள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். நான்கு வாரப் பயிற்சி என்றால் எட்டு வகுப்புகள். எண்ணிக்கையை எட்ட எளிய வழி, பயிற்சியைக் குறுக்குவது.

பயிற்றுநராவதற்குச் சிஐடிஎஸ் என்ற ஓராண்டுப் படிப்பு உண்டு. தொழிலையும் பயிற்சிமுறையையும் சேர்த்துக் கற்பிக்கும் படிப்பு அது. சென்னை கிண்டியில் உள்ள தேசிய நிலையம் அதை நடத்துகிறது. அதை முடிக்காமலே பணியில் இருப்பவர்கள் நாடு முழுவதும் பலர். அதே கிண்டியில் 1986 டிசம்பர் முதல் இயங்கும் நிமி என்ற தேசியப் பயிற்சி ஊடக நிறுவனம், ஐடிஐ பாடநூல்களையும் டிஜிட்டல் பாடங்களையும் தயாரிக்கிறது. அவை தமிழிலும் கிடைக்கின்றன. எனவே குறை பாடப்பொருளில் இல்லை. ஒரு பாடத்தை எப்போது நிறுத்தி, எதைக் கேட்டு, எந்த இயந்திரத்துக்கு மாணவரை அழைத்துப் போக வேண்டும் என்பது அந்தக் கோப்பில் பதிவாகியிருப்பதில்லை.

பெரு

கருவியை மட்டும் தந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பதிவு உண்டு. பெரு நாடு 2008 முதல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு மடிக்கணினிகளை வழங்கியது. இன்டர்-அமெரிக்கன் வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் 319 பள்ளிகளை ஆராய்ந்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். திட்டம் எட்டிய பள்ளிகளில் ஒரு மாணவருக்கு எத்தனை கணினி என்ற விகிதம் 0.12-இலிருந்து 1.18-ஆக உயர்ந்தது. கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றத்துக்குச் சான்று இல்லை. அந்நாட்டில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மடிக்கணினிகள் கற்பித்தல் முறையோடு இணைக்கப்படாமலே வழங்கப்பட்டன என்று 2023 யுனெஸ்கோ அறிக்கை பதிவு செய்கிறது.

வசதியான நாடுகளின் நிலையும் பதிவில் உள்ளது. ஓஇசிடி அமைப்பின் 2018 ஆசிரியர் ஆய்வில், கற்பித்தலுக்குத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது தம் ஆசிரியர் படிப்பில் இடம்பெற்றிருந்ததாக 56 விழுக்காட்டினர் சொன்னார்கள். அதற்குத் தாம் நன்கு தயாராக இருந்ததாகச் சொன்னவர்கள் 43 விழுக்காடு. இவர்கள் பள்ளி ஆசிரியர்கள். இவர்களுடைய வகுப்பில் சுழலும் சக்கும் 400 வோல்ட்டும் இல்லை.

மார்ச் 2020

2020 மார்ச் கடைசி வாரத்தில் நாடு முழுவதும் ஐடிஐக்கள் மூடப்பட்டன. மீண்டும் திறக்க மத்திய அரசு அனுமதித்தது செப்டம்பர் 21 முதல். இடைப்பட்ட ஆறு மாதம் ஓர் அளவுகோல்.

அந்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, யுனெஸ்கோ, உலக வங்கி மூன்றும் தொழிற்கல்வி பற்றி ஒரு கூட்டாய்வு நடத்தின. 126 நாடுகளிலிருந்து 1,353 பேர் பதிலளித்தார்கள். அநேகமாக எல்லா இடங்களிலும் நிலையங்கள் முழுமையாகவோ பகுதியாகவோ மூடியிருந்தன. தொலைவிலிருந்து தரவே முடியாததாகச் செய்முறைப் பயிற்சி சுட்டப்பட்டது.

ஐடிஐயின் முதலாண்டுப் பாடத்திட்டம் இன்று 1,200 மணி நேரம். அதில் செய்முறை 840 மணி. பத்தில் ஏழு பங்கு. 2020-இல் காணொளி அழைப்பில் நடந்த வகுப்புகள் செய்முறை அல்லாத சிறு பகுதியைத்தான் தொட்டிருக்க முடியும். அதையும் வாங்கிக்கொள்ள எதிர்முனையில் கருவி வேண்டும். 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தவை 4.4 விழுக்காடு. இணைய வசதி இருந்தவை 14.9 விழுக்காடு.

கைப்பேசி வழி இணையம் பிறகு பரவிவிட்டது. தடையில் ஒரு பாதி நீங்கியது. மறுபாதி பயிற்றுநர் பக்கம் இருந்தது. எந்தச் செய்முறையை உருவகியில் முன்னதாகப் பழக்கலாம், எதைப் பதிவு செய்து அனுப்பலாம், எதை நேரில் மட்டுமே செய்ய வேண்டும் என்று பிரித்துத் திட்டமிடும் பயிற்சி அது. நிலையங்கள் திறந்ததும் அந்தத் தேவை கண்ணில் படுவது நின்றது.

சாவி

தொழிலகக் கட்டுப்பாட்டுக் கணினி என்பது வால்வு, மோட்டார், அடுப்பு முதலியவற்றை இயக்கும் சிறு கணினி. பிஎல்சி என்று ஐடிஐ மாணவர்கள் அறிவார்கள். அவற்றில் பலவற்றின் முகப்பில் சாவித் துளை ஒன்று இருக்கும். ஒரு நிலையில் அது ஓடும். இன்னொரு நிலையில் அதன் நிரலை மாற்றலாம். வேலை முடிந்ததும் சாவியை ஓடும் நிலைக்குத் திருப்பி உருவிக்கொள்ள வேண்டும். கற்றுத்தர ஒரு நிமிடம் போதும்.

2017-இல் சவுதி அரேபியாவின் பெட்ரோ வேதி ஆலை ஒன்றின் பாதுகாப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குள் டிரைட்டான் என்ற தீநிரல் நுழைந்தது. வெடிப்பையும் நச்சுக் கசிவையும் தடுக்க ஆலையை நிறுத்தும் கருவிகள் அவை. தாக்கியவர்கள் செய்த பிழையால் ஆலை தானாக நின்றது, அதனால்தான் தெரியவந்தது. கருவியின் சாவி நிரல் மாற்றும் நிலையிலேயே விடப்பட்டிருந்தது.

2018 ஆகஸ்ட் 3 அன்று தைவானின் டிஎஸ்எம்சி சில்லு ஆலைகளில் இயந்திரங்கள் நிற்கத் தொடங்கின. புதிய இயந்திரம் ஒன்றை நிறுவியபோது அதன் மென்பொருளை வைரஸ் சோதனை செய்யாமல் வலைப்பின்னலில் இணைத்திருந்தார்கள். வானாகிரை வைரஸின் ஒரு வகை பரவியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ 17 மாதம் முன்பு. காலாண்டு வருவாயில் சுமார் 3 விழுக்காடு பாதிக்கப்படும் என்று நிறுவனம் அப்போது மதிப்பிட்டது.

2019 அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் ஒரு செய்தியை உறுதிசெய்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்தில், நிர்வாகப் பணிக்கான இணையத் தொடர்புள்ள கணினி ஒன்றில் தீநிரல் இருந்தது. செப்டம்பர் 4 அன்றே தகவல் வந்திருந்தது. உலையை இயக்கும் வலைப்பின்னல் தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் பாதிக்கப்படவில்லை என்று கழகம் சொன்னது. பிரித்து வைத்தது காப்பாற்றியது. பிரித்து வைத்ததை ஒரு பென் டிரைவ் இணைத்துவிடும்.

தமிழ்நாட்டின் ஆலைகளில் பிஎல்சிக்கு அருகே நிற்கப்போகிறவர்களில் பலர் ஐடிஐயில் படித்தவர்கள். அவர்கள் பென் டிரைவ் செருகும் பழக்கத்தைக் கற்கும் இடம் ஐடிஐயின் கணினி அறை. அங்கே ஒரே பென் டிரைவ் 20 கணினிகளைச் சுற்றி வந்தால், ஒரே கடவுச்சொல் சுவரில் எழுதியிருந்தால், அதுவும் ஒரு பாடம்தான். பாடத்திட்டத்தில் அது இல்லை. மாணவர்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

காலாவதி

ஆசிரியர்களுக்கான தகவல் தொழில்நுட்பத் திறன் வரையறையை யுனெஸ்கோ 2008-இல் வெளியிட்டது. 2011-இல் திருத்தியது. 2018-இல் மீண்டும் திருத்தியது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானது. செயற்கை நுண்ணறிவுக்கென்று ஆசிரியர் திறன் வரையறை ஒன்றைத் தனியாக யுனெஸ்கோ 2024-இல் வெளியிட்டது. இடைவெளி ஏறத்தாழ இரண்டு ஆண்டு. ஐடிஐயில் அது இரண்டு ஓராண்டுத் தொகுதிகள்.

அந்த இரண்டு ஆண்டிலும் மாணவர்கள் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். உரையாடல் செயலி எந்தக் கேள்விக்கும் தெளிவான வாக்கியங்களில் பதில் தரும். அதன் பயிற்சித் தரவில் அமெரிக்க, ஐரோப்பிய எழுத்து மிகுதி. கறுப்புக் கம்பி எது என்று அதனிடம் கேட்கலாம். கேட்பவர் நாட்டைக் குறிப்பிடாவிட்டால், பதில் எந்த நாட்டுக்குரியது என்று எப்போதும் அது சொல்லும் என்பதற்கு உறுதி இல்லை. காணொளியிலாவது பேசுபவரின் உச்சரிப்பும் பிளக்கின் வடிவமும் நாட்டைக் காட்டிக்கொடுக்கும். எழுத்தில் அந்தத் தடயமும் இல்லை.

அந்தப் பதிலைச் சரிபார்க்க வேண்டியவர் பயிற்றுநர். மூன்று ஆண்டுக்கு முன் ஒரு வாரம் ஸ்லைடு தயாரிக்கக் கற்றவரிடம் அதற்கான கருவி இல்லை. அவர் அந்தச் செயலியைத் தடை செய்வார், அல்லது அப்படியே நம்புவார். தடை செய்தால் மாணவர் வீட்டில் கேட்பார். நம்பினால் வகுப்பிலேயே கேட்பார். இரண்டிலும் பதில் சரிபார்க்கப்படுவதில்லை.

ஒரு முறை தரும் பயிற்சிக்குக் காலாவதித் தேதி உண்டு. பிஎஸ்-6 ஸ்கேனர் கற்றவருக்கு மின்கலத் தொகுதி தெரியாது. மின்கலத் தொகுதி கற்றவருக்கு அடுத்து வருவது தெரியாது. இயந்திரத்துக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடப்படுகிறது. தேதி வந்தால் ஆள் வந்து பார்க்கிறார். அந்த இயந்திரத்தில் கற்பிக்கும் பயிற்றுநருக்கு அப்படித் தேதி குறித்த ஒப்பந்தம் ஏதும் இல்லை.

ஆண்டுகள்

ஐடிஐயில் புதிய ஆண்டு வழக்கமாக ஆகஸ்டில் தொடங்கும். 2026-இல் 30 வயதில் ஒரு பயிற்றுநர் நியமிக்கப்படுகிறார் என்று கொள்வோம். அவர் 2056 வரை கற்பிப்பார். ஓராண்டுப் பிரிவானால் 600 பேர். அவருடைய கடைசித் தொகுதியில் 17 வயதில் படிக்கும் மாணவர் 60 வயதை எட்டும் ஆண்டு 2099.

அவருடைய முதல் தொகுதியில் 20 பேர். அவர்கள் கையில் கைப்பேசி இருக்கும். நீலக் கம்பி பற்றிய காணொளி அதில் இருக்கும்.